இரட்சிப்பின் நிச்சயமும் அதற்கான சான்றும்: மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் கிருபைச் சர்ச்சை (1636–1638)

ஆய்வுச் சுருக்கம்

தான் மீட்கப்பட்டவன் என்பதை ஒரு விசுவாசி எவ்வாறு அறிவது என்பது சீர்திருத்தக் கிறித்தவ மரபின் நடுவண் வினாக்களுள் ஒன்று. 1636 முதல் 1638 வரை மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தில் இவ்வினா சபையின் எல்லையைக் கடந்து ஆட்சி, தேர்தல், நீதிவிசாரணை ஆகியவற்றுக்குள் நுழைந்தது. ஆன் ஹட்சின்சன் நாடுகடத்தப்பட்டதும் சபையிலிருந்து விலக்கப்பட்டதும் அதன் விளைவுகள். இச்சர்ச்சையை இறையியல் முரணாகவோ பெண்ணடக்குமுறையாகவோ மட்டும் காணும் பார்வைகள் போதுமானவையல்ல. இரட்சிப்பின் நிச்சயம் குடியுரிமைக்குரிய தகுதியாக மாற்றப்பட்டதே சர்ச்சையின் கடுமைக்கு அடிப்படை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இரட்சிப்பின் நிச்சயம், கிருபையின் உடன்படிக்கை, கிரியைகளின் உடன்படிக்கை, பியூரிட்டன்கள், ஆன் ஹட்சின்சன், ஜான் காட்டன், மாசசூசெட்ஸ்.

முன்னுரை

1637ஆம் ஆண்டு நவம்பர் 7, 8 ஆகிய நாள்களில் நியூடவுன் என்னும் சிற்றூரில் மாசசூசெட்ஸ் பொதுமன்றம் கூடியது. அதன்முன் நிறுத்தப்பட்டவர் ஆன் ஹட்சின்சன். அவர் மருத்துவச்சியாகப் பணியாற்றியவர். பல பிள்ளைகளின் தாய். எந்தப் பதவியும் வகிக்காதவர். கொலை, களவு, ஆயுதக் கிளர்ச்சி ஆகிய எதுவும் அவர்மீது சுமத்தப்படவில்லை. குடியேற்றத்தின் குருமார்களுள் பெரும்பாலோர் கிருபையின் உடன்படிக்கையைப் போதியாமல் கிரியைகளின் உடன்படிக்கையைப் போதிக்கின்றனர் என்று அவர் கூறியதாகச் சொல்லப்பட்டதே குற்றச்சாட்டுகளுள் முதன்மையானது. இத்தகைய ஒரு கூற்று ஓர் அரசை ஏன் அத்துணை அஞ்சவைத்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் வழக்கிலுள்ள கலைச்சொற்களே இங்கு ஆளப்படுகின்றன. இறைவன் பாவியைக் குற்றமற்றவனாக ஏற்பது ‘நீதிமானாக்கப்படுதல்’. அதன்பின் அவனது வாழ்வு தூய்மையில் வளர்வது ‘பரிசுத்தமாகுதல்’. முன்னது இறைவனின் தீர்ப்பு, கண்ணுக்குப் புலனாகாதது. பின்னது நடத்தையில் வெளிப்படுவது. கண்ணுக்குப் புலனாவதைக் கொண்டு புலனாகாததை அறியலாமா என்பதே சர்ச்சையின் மையம்.

சான்றுகளின் தன்மை

ஆன் ஹட்சின்சன் தம் கைப்பட எழுதிய நூலோ கடிதமோ நமக்குக் கிட்டவில்லை. அவரைப் பற்றி அறிவதெல்லாம் பிறர் பதிவுகளின் வழியேதான். இப்பதிவுகள் மூவகைப்படும். முதலாவது, ஆளுநர் ஜான் வின்திராப்பின் நாட்குறிப்பும், அவர் தொகுத்து 1644இல் இலண்டனில் வெளியான வரலாற்றுச் சுருக்கமும். இவை வழக்கில் வென்றவரின் பார்வையில் எழுதப்பட்டவை. இரண்டாவது, பொதுமன்ற விசாரணையின் எழுத்துப்பதிவு. இது ஹட்சின்சனின் வழித்தோன்றலான தாமஸ் ஹட்சின்சன் 1767இல் வெளியிட்ட மாசசூசெட்ஸ் வரலாற்று நூலின் பின்னிணைப்பாக அச்சேறியது. மூன்றாவது, 1638 மார்ச்சில் நடந்த சபை விசாரணையின் பதிவு. இது 1888இல்தான் அச்சுக்கு வந்தது. இம்மூன்றையும் குருமார்களின் கேள்வி–பதில் ஆவணங்களையும் ஒருங்கு சேர்த்து டேவிட் ஹால் 1968இல் வெளியிட்ட தொகுப்பு இன்றைய ஆய்வுகளுக்கு அடித்தளமாக உள்ளது.

வின்திராப்பின் நூலையும் விசாரணைப் பதிவையும் ஒப்பிட்டு நோக்குங்கால் ஒரு வேறுபாடு புலனாகிறது. முன்னதில் ஹட்சின்சன் தந்திரம் மிக்கவராகச் சித்திரிக்கப்படுகிறார். பின்னதில் சட்டத்தின் எல்லையை அறிந்து, ஒவ்வொரு வினாவுக்கும் மறைநூல் சான்று காட்டி விடையிறுப்பவராகத் தோன்றுகிறார். ஆதலின், விசாரணைப் பதிவுக்கு முதன்மை தந்து பிறவற்றைத் துணைச் சான்றுகளாகக் கொள்வதே முறையாகும்.

வினாவின் முன்வரலாறு

இரட்சிப்பின் நிச்சயம் பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் சீர்திருத்தவாதிகளுக்கும் இடையில் பிளவுக்கோடாக அமைந்தது. 1547 சனவரியில் நடந்த திரெந்து பொதுச்சங்கத்தின் ஆறாம் அமர்வு, தனிப்பட்ட வெளிப்பாடு இன்றி ஒருவர் தம் மீட்பைப் பிழையற்ற உறுதியோடு அறிய இயலாது என்று வரையறுத்தது. அத்தகைய உறுதியை வீண் தன்னம்பிக்கை என்றும் அது கண்டித்தது. ஜான் கால்வின் இதற்கு எதிர்த்திசையில் நின்றார். தம் ‘கிறித்தவ சமயக் கோட்பாடுகள்’ நூலின் 1559ஆம் ஆண்டுப் பதிப்பில், விசுவாசம் என்பதையே இறைவனின் நல்லெண்ணத்தைப் பற்றிய உறுதியான அறிவு என்று அவர் விளக்கினார். ஐயம் முற்றிலும் அகன்ற விசுவாசம் இம்மண்ணில் இல்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். நிச்சயத்தை விசுவாசத்தின் சாரமாகக் கொண்டால், ஐயுறுபவன் விசுவாசியா என்ற கேள்வி எழாமல் இராது.

அக்கேள்வியை இங்கிலாந்தின் பியூரிட்டன் மேய்ப்பர்கள் நாள்தோறும் எதிர்கொண்டனர். முன்குறித்தல் கோட்பாட்டின்படி, மீட்கப்படுவோர் யாவர் என்பதை இறைவன் உலகத் தோற்றத்துக்கு முன்னரே தீர்மானித்துவிட்டார். அவ்வாறாயின் தாம் அத்தொகையில் உள்ளோமா என்ற அச்சம் எளிய விசுவாசிகளை வாட்டியது. கேம்பிரிட்ஜில் போதித்த வில்லியம் பெர்கின்ஸ் (1558–1602) இதற்கு ஒரு வழிமுறையை வகுத்தார். மெய்யான மனந்திரும்புதலுடையோர் இறைவனின் பிள்ளைகள் என்பது மறைநூலின் உறுதிமொழி. என் மனச்சான்று என்னிடம் மனந்திரும்புதலைக் காண்கிறது. ஆதலின் நான் இறைவனின் பிள்ளை. அளவையியலின் முக்கூற்று முடிபாக அமைந்த இம்முறையில் முதற்கூற்று மறைநூலிலிருந்தும் இரண்டாம் கூற்று தன்னாய்விலிருந்தும் பெறப்படுகின்றன. நாட்குறிப்பு எழுதுதல், உள்ளத்தின் அசைவுகளைக் கண்காணித்தல் முதலிய பியூரிட்டன் பழக்கங்கள் இதனோடு தொடர்புடையவை.

இம்முறையின் வலிமையே அதன் வலுவின்மையுமாகும். இரண்டாம் கூற்றை உறுதிசெய்வது எங்ஙனம்? வேடதாரியும் நற்செயல் புரிவான். அவனும் தன்னை ஏமாற்றிக்கொள்ளக் கூடும். தன் செயல்களை எண்ணிப் பார்த்து ஆறுதல் பெறுபவன், கிறித்துவை விடுத்துத் தன்னையே நம்பத் தொடங்குகிறானோ என்ற ஐயமும் தொடர்ந்தது. கிருபையினால் மட்டுமே மீட்பு என்று முழங்கிய இயக்கம் செயல்களை மீண்டும் பின்வாயில் வழியாக உள்ளே அழைத்துவந்துவிட்டது என்ற குறைகூறல் இதிலிருந்தே பிறந்தது.

சபையும் வாக்குரிமையும்

1630இல் ஜான் வின்திராப் தலைமையில் வந்த குடியேறிகள் பாஸ்டனையும் சூழ்ந்த ஊர்களையும் நிறுவினர். மறு ஆண்டே, சபை உறுப்பினராகிய ஆடவருக்கு மட்டுமே வாக்குரிமை என்று பொதுமன்றம் விதித்தது. தொடக்கத்தில் சபையில் சேர, கோட்பாட்டை ஏற்பதும் ஒழுக்கமான வாழ்வும் போதுமானவையாக இருந்தன. 1630களின் நடுப்பகுதியில் இந்நிலை மாறியது. தம் உள்ளத்தில் கிருபை செயல்பட்ட வகையைச் சபையின்முன் எடுத்துரைத்து, மூப்பர்களின் வினாக்களுக்கு விடையளித்து, சபையாரின் ஒப்புதலைப் பெற்றவரே உறுப்பினராக ஏற்கப்பட்டனர். இவ்வழக்கம் நியூ இங்கிலாந்தில் உருவாகி நிலைபெற்ற வரலாற்றை எட்மண்டு மார்கன் 1963இல் விரிவாக விளக்கினார்.

இம்மாற்றத்தின் பொருளை உணர்த்தும் நிகழ்வொன்று 1636 ஏப்ரலில் நடந்தது. டார்செஸ்டரில் புதிய சபை அமைக்க முன்வந்தோரை ஆட்சியாளர்களும் அண்டைச் சபைகளின் மூப்பர்களும் ஆராய்ந்து தடுத்துவிட்டனர். அவர்களுள் பலர் தம் மீட்பின் ஆறுதலைத் தகாத அடித்தளங்களின்மீது எழுப்பியுள்ளனர் என்பதே காரணம் என வின்திராப் தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். சிலர் கனவுகளையும் திடீர் பரவசங்களையும் நம்பினர். வேறு சிலர் தம் வாழ்வு சீர்திருந்தியதை நம்பினர். இன்னும் சிலர் சமயக் கடமைகளை நிறைவேற்றியதை நம்பினர். அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் அச்சபைக்கு இசைவு கிட்டியது.

இக்குறிப்பு இருவகையில் முதன்மை பெறுகிறது. ஒருவர் தம் மீட்பை எதன்மீது நிறுத்துகிறார் என்பது தனிமனித ஆன்மிகச் செய்தியாக இராமல் அரசு தலையிடும் செய்தியாகிவிட்டது என்பது ஒன்று. சர்ச்சை வெடிப்பதற்கு முன்பே, பரவசமும் நற்செயலும் ஆகிய இரண்டுமே போதாத சான்றுகள் என்று மூப்பர்கள் கருதினர் என்பது மற்றொன்று. போதுமான சான்று எது என்பதில்தான் அவர்களிடையே ஒருமைப்பாடு இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் சர்ச்சை எழுந்தது.

ஜான் காட்டனின் போதனை

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டப் பாஸ்டனில் குருவாக இருந்த ஜான் காட்டன் 1633இல் மாசசூசெட்ஸ் வந்து, புதிய பாஸ்டன் சபையின் போதகரானார். அவருடைய போதனையில் ஈடுபாடு கொண்ட ஹட்சின்சன் குடும்பம் மறு ஆண்டு அவரைத் தொடர்ந்து வந்தது. சபையின் மேய்ப்பராக ஜான் வில்சன் இருந்தார்.

காட்டனின் நிலைப்பாடு நுட்பமானது. பரிசுத்தமான வாழ்வு மீட்கப்பட்டவனிடம் இருக்கும் என்பதை அவர் மறுக்கவில்லை. அதனை மீட்பின் முதற்சான்றாகக் கொள்வதையே மறுத்தார். முதலில் பரிசுத்த ஆவியானவர் கிருபையின் வாக்குறுதி வழியாக உள்ளத்தில் சான்று பகர வேண்டும். அதன்பின்னரே, அவ்வொளியில், தன் வாழ்வின் மாற்றத்தை விசுவாசி துணைச்சான்றாகக் கொள்ளலாம். வரிசை மாறினால், ஆறுதல் கிறித்துவிடமிருந்து வராமல் செயல்களிலிருந்து வந்ததாகிவிடும்.

நியூடவுன் சபையின் தாமஸ் ஷெப்பர்டு முதலிய குருமார்கள் இதனை ஏற்கவில்லை. ஆவியின் நேரடிச் சான்றை உணராத எண்ணற்ற விசுவாசிகள் தம் சபைகளில் உள்ளனர் என்பதை அவர்கள் அறிவர். அத்தகையோர் சகோதரர்மீது கொண்ட அன்பையும் பாவத்தின்மீது கொண்ட வெறுப்பையும் கண்டு ஆறுதல் பெறலாகாது என்றால், அவர்களைக் கைவிட்டதாகும் என்று வாதிட்டனர். 1636 இறுதியில் பதினாறு வினாக்களைக் காட்டனிடம் அளித்து விடை கேட்டனர். அவ்விடைகளும் மறுப்புகளும் எஞ்சியுள்ளன.

இரு தரப்பும் மறைநூலையே ஆதாரமாகக் காட்டின. காட்டன் ரோமர் 8:16இல் கூறப்படும் ஆவியின் சான்றை முன்னிறுத்தினார். மற்றவர்கள் சகோதர அன்பை அடையாளமாகக் கூறும் 1 யோவான் 3:14ஐயும், அழைப்பை உறுதிப்படுத்த ஊக்கம் கொள்ளுமாறு பணிக்கும் 2 பேதுரு 1:10ஐயும் எடுத்துக்காட்டினர். வேறுபாடு வரிசைமுறையைப் பற்றியதே. ஆயினும் அவ்வரிசையில்தான் ஐயுறும் விசுவாசியின் நிலை அடங்கியிருந்தது.

இவ்வினா எதிர்த்தரப்பினரையும் உள்ளூர அசைத்தது என்பதற்கு வின்திராப்பே சான்று. 1637 சனவரி 12ஆம் நாள், தம் நாற்பத்தொன்பதாம் பிறந்தநாளில், அவர் தம் ஆன்மிக வாழ்வை மீளாய்வு செய்து ஒரு குறிப்பு எழுதினார். இலவசக் கிருபை பற்றி அண்மையில் அங்குப் போதிக்கப்பட்ட கோட்பாடு, சோர்ந்து உறங்கிய நிலையிலிருந்த தம்மை உலுக்கியதாக அதில் ஒப்புக்கொள்கிறார். வழக்கை நடத்தியவரின் உள்ளத்திலும் வழக்கின் வினா எழுந்திருந்தது.

வீட்டுக் கூட்டங்களும் அரசியல் பிளவும்

ஹட்சின்சன் தம் வீட்டில் பெண்களைக் கூட்டி, காட்டனின் அருளுரைகளை மீண்டும் எடுத்துரைத்து விளக்கினார். பேறுகாலப் பணியினூடே பெண்களின் ஆன்மிக அச்சங்களை அறிந்திருந்தமை அவருக்குச் செல்வாக்கைத் தந்தது. வாரந்தோறும் அறுபதுக்கும் மேற்பட்டோர் கூடினர். பின்னர் ஆடவரும் வரத் தொடங்கினர். 1636 மே மாதம் ஆளுநராகத் தெரிவுசெய்யப்பட்ட இளைஞர் ஹென்றி வேன் அவர்களுக்கு ஆதரவாக நின்றார். பாஸ்டன் சபையின் பெரும்பான்மையும் அவ்வாறே.

காட்டனின் வரிசைமுறை இங்கு ஓர் அளவுகோலாக மாற்றம் பெற்றது. ஆவியின் சான்றைப் பெற்றவர், அதைப் பெறாதவரின் போதனையை இனங்காண முடியும் என்ற முடிவுக்கு ஹட்சின்சன் வந்தார். காட்டனையும் தம் கணவரின் தங்கையை மணந்த ஜான் வீல்ரைட்டையும் தவிர ஏனையோர் கிரியைகளின் உடன்படிக்கையைப் போதிக்கின்றனர் என்ற கூற்று இதன் விளைவு. தன் மீட்பைப் பற்றிய நிச்சயம் பிறர் மீட்பைப் பற்றிய தீர்ப்பாக நீட்சி பெற்றது. இதில் ஒரு முரண்நகை உண்டு. சேர விரும்புவோரின் உள்ளத்தைச் சோதித்தறியும் உரிமை தமக்கு உண்டு எனச் சபைகள் கருதின. அதே உரிமையை ஒரு பெண், அச்சபைகளின் குருமார்மீதே பயன்படுத்தினார்.

1637 சனவரி 19ஆம் நாள் உண்ணாநோன்பு நாளில் வீல்ரைட் ஆற்றிய அருளுரை பிளவை வெளிப்படையாக்கியது. மார்ச் மாதம் பொதுமன்றம் அவரைக் கலகத்தைத் தூண்டியவர் எனத் தீர்ப்பளித்தது. அதனை எதிர்த்துப் பாஸ்டன் மக்கள் பலர் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். மே மாதத் தேர்தல் பாஸ்டனில் நடத்தப்படாமல் நியூடவுனில் நடத்தப்பட்டது. அதில் வேன் தோற்று வின்திராப் மீண்டும் ஆளுநரானார். புதிதாக வருவோர் ஆட்சியாளரின் இசைவின்றி மூன்று வாரங்களுக்குமேல் தங்கலாகாது என்ற சட்டம் அப்போதே இயற்றப்பட்டது. ஆகஸ்டு இறுதியில் கூடிய குருமார் மாமன்றம், எண்பதுக்கும் மேற்பட்ட கருத்துகளைப் பிழையானவை என வகுத்துக் கண்டித்தது. அறுபது பேரும் அதற்கு மேற்பட்டோரும் கூடி ஒரு பெண்ணின் விளக்கத்தைக் கேட்கும் கூட்டம் ஒழுங்குக்கு மாறானது என்றும் அறிவித்தது. வேன் அதற்கு முன்பே இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். காட்டன் படிப்படியாகப் பிற குருமார்களுடன் இணக்கம் கண்டார். இவ்வாறு ஹட்சின்சனுக்கு அரணாக இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினர்.

நவம்பர் விசாரணை

விசாரணையின் முதல்நாள் பொதுமன்றத்துக்குச் சாதகமாக அமையவில்லை. வீட்டுக் கூட்டத்துக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று வின்திராப் வினவியபோது, மூத்த பெண்கள் இளம்பெண்களுக்குப் போதிக்கலாம் எனக் கூறும் தீத்து நிருபப் பகுதியை ஹட்சின்சன் எடுத்துக்காட்டினார். குருமார்களை இழிவுபடுத்தினார் என்பதற்கு, அவர்களோடு அவர் தனிமையில் நடத்திய உரையாடலே சான்றாக முன்வைக்கப்பட்டது. மறுநாள் அவர், சாட்சி சொல்வோர் ஆணையிட்டுச் சொல்ல வேண்டும் என்று கோரினார். அக்கோரிக்கை மன்றத்தைத் தடுமாறச் செய்தது. தொடர்ந்து காட்டன், குருமார்கள் கிரியைகளின் உடன்படிக்கைக்கு உட்பட்டவர்கள் என்று அவர் கூறியதாகத் தமக்கு நினைவில்லை எனச் சான்றளித்தார். வழக்கு அவ்விடத்தில் தளர்ந்தது.

அதன்பின் ஹட்சின்சன் தாமாகவே பேசத் தொடங்கினார். மெய்யான போதனையையும் பொய்யானதையும் பகுத்தறியும் திறன் தமக்கு வந்த வகையை விவரித்தார். அது இறைவனின் ஆவி தம் உள்ளத்தில் பேசியதால் வந்தது என்றார். அது ஆவியின் குரல்தான் என்பதை எவ்வாறு அறிந்தீர் என்று கேட்கப்பட்டபோது, தம் மகனைப் பலியிடச் சொன்னது இறைவனே என ஆபிரகாம் எவ்வாறு அறிந்தார் என எதிர்வினா தொடுத்தார். தம்மைத் துன்புறுத்தினால் இக்குடியேற்றத்தின்மீது இறைவனின் தண்டனை வரும் என்றும் எச்சரித்தார். மன்றத்துக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. மூவரைத் தவிர ஏனையோர் நாடுகடத்தும் தீர்ப்புக்குக் கை உயர்த்தினர், வில்லியம் காடிங்டன் உள்ளிட்ட இருவர் எதிர்த்தனர், ஒருவர் வாக்களிக்கவில்லை.

அவர் ஏன் பேசினார் என்பது ஆய்வாளர்களிடையே விவாதத்துக்குரியது. களைப்பு என்பாரும் உண்டு. வெற்றிப்பெருமிதம் என்பாரும் உண்டு. விசாரணையின் உள்முறைமையை நோக்கின் வேறொரு விளக்கம் பொருந்துவதாகத் தோன்றுகிறது. பியூரிட்டன் சபையில் ஒருவர் தம் நிலையை மெய்ப்பிக்கும் வழி, இறைவன் தம் உள்ளத்தில் செயல்பட்ட வரலாற்றை எடுத்துரைப்பதே. ஹட்சின்சன் செய்ததும் அதுவே. சபைச் சேர்க்கையின்போது தகுதியாகக் கருதப்பட்ட சொல்வடிவம் நீதிமன்றத்தில் குற்ற ஒப்புதலாக மாறியது. ஆவி மறைநூலின் வழியாகவே பேசும் என்ற எல்லையை அவர் மீறிவிட்டார் என மன்றம் கருதியது. ஹட்சின்சன் சுட்டியவையோ பெரிதும் மறைநூல் பகுதிகளே. வாக்குறுதி வழியே வரும் சான்றுக்கும் நேரடி வெளிப்பாட்டுக்கும் இடையிலான கோடு எவ்வளவு மெல்லியது என்பதை இவ்விடம் காட்டுகிறது.

அதே மாதம் வீல்ரைட்டும் நாடுகடத்தப்பட்டார். விண்ணப்பத்தில் கையொப்பமிட்டோர் உள்ளிட்ட 75 பேரின் படைக்கலங்களைப் பறிக்க ஆணையிடப்பட்டது. அவர்களுள் 58 பேர் பாஸ்டன்வாசிகள். குளிர்காலம் முழுவதும் ராக்ஸ்பரியில் காவலில் வைக்கப்பட்ட ஹட்சின்சன், 1638 மார்ச்சில் பாஸ்டன் சபையின் விசாரணைக்கு உள்ளானார். ஆன்மாவின் அழியாமை, உயிர்த்தெழுதல் ஆகியன பற்றிய ஐயங்கள் அங்குப் புதிய குற்றச்சாட்டுகளாயின. பல கருத்துகளை அவர் திரும்பப் பெற்றார். எனினும் அம்மனமாற்றம் உண்மையானதன்று எனக் கூறி மார்ச் 22ஆம் நாள் வில்சன் அவரைச் சபையிலிருந்து விலக்கினார். அவரோடு எழுந்து வெளியேறியவர் மேரி டயர் என்ற பெண். அவரே பின்னர் குவேக்கராகி 1660இல் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டவர். ஹட்சின்சன் குடும்பம் ரோட் தீவின் போர்ட்ஸ்மவுத்தில் குடியேறியது. கணவர் இறந்தபின் டச்சுக்காரரின் நியூ நெதர்லாந்துப் பகுதிக்குச் சென்ற அவர், 1643இல் டச்சுக்காரருக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையில் நடந்த போரின்போது பிள்ளைகள் பலரோடு கொல்லப்பட்டார்.

ஐயத்தின் பதிவுகள்

தண்டனைகளோடு வினா முடிந்துவிடவில்லை. நியூடவுன் 1638இல் கேம்பிரிட்ஜ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அங்குச் சபையில் சேர வந்தோரின் வாக்குமூலங்களை ஷெப்பர்டு தம் கையேட்டில் குறித்துவைத்தார். 1981இல் அச்சான பதிப்பில் 51 வாக்குமூலங்கள் உள்ளன. பணிப்பெண் முதல் ஹார்வர்டு கல்லூரித் தலைவர் ஹென்றி டன்ஸ்டர் வரை பலதரப்பினர் அவற்றில் பேசுகின்றனர். இவற்றை இங்கிலாந்து வாக்குமூலங்களோடு ஒப்பிட்ட பேட்ரீசியா கால்டுவெல் (1983), நியூ இங்கிலாந்து மக்களின் கூற்றுகள் தெளிவான முடிவை எட்டாமல் ஐயத்திலேயே நிற்கும் போக்குடையவை என்று கண்டறிந்தார். கடல் கடந்தால் ஆறுதல் கிட்டும் என எண்ணி வந்தவர்கள், வந்தபின் தம் உள்ளம் மரத்துப்போனதாகக் கூறுகின்றனர்.

ஹட்சின்சனைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் ஒருவரான ஷெப்பர்டின் சொந்த நாட்குறிப்பும் இத்தகைய ஐயங்களால் நிரம்பியது. 1636 முதல் 1640 வரை பத்துக் கன்னிகைகள் உவமை பற்றி அவர் ஆற்றிய தொடர் அருளுரைகள், மெய்யான விசுவாசியையும் வேடதாரியையும் பிரித்தறிவதையே பொருளாகக் கொண்டவை. நிச்சயம் பெற்றேன் என்ற பெண்ணை வெளியேற்றிய சமூகம், நிச்சயம் பெறாதோரால் நிறைந்திருந்தது. ஐயுறுபவன் ஐயத்தோடும் சபையில் இருக்கலாம் என்ற இசைவு அங்கு உருவாயிற்று. அது மேய்ப்பரின் இரக்கம். உறுதியாகப் பேசுபவரை ஐயத்தோடு நோக்கும் பழக்கமும் உடன் வளர்ந்தது. அது ஆட்சியாளரின் எச்சரிக்கை. இவ்விரண்டும் ஒரே நிகழ்வின் இரு விளைவுகள்.

இங்கிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் மாமன்றம் 1646இல் நிறைவுசெய்த விசுவாச அறிக்கை, தன் பதினெட்டாம் அதிகாரத்தில் இவ்வினாவுக்குத் தனியிடம் அளித்தது. நிச்சயம் விசுவாசத்தின் சாரமன்று என்றும், மெய்யான விசுவாசியும் நெடுங்காலம் காத்திருந்தே அதனைப் பெறக்கூடும் என்றும் அது கூறியது. வாக்குறுதிகள், கிருபையின் உள்ளார்ந்த அடையாளங்கள், ஆவியின் சான்று ஆகிய மூன்றையும் அது ஒருங்கே ஏற்றது. காட்டனும் அவருடைய எதிர்த்தரப்பினரும் தனித்தனியே அழுத்திக் கூறியவை அவ்வறிக்கையில் அருகருகே இடம்பெற்றன.

முந்தைய விளக்கங்களின் மதிப்பீடு

வணிகர்களுக்கும் ஆட்சியாளர்களுக்கும் இடையிலான சமூக முரணாக இச்சர்ச்சையை எமரி பேட்டிஸ் (1962) விளக்கினார். 1970களுக்குப் பின்வந்த பெண்ணிய ஆய்வுகள் பெண்ணின் போதிக்கும் உரிமை மறுக்கப்பட்டதை முன்னிறுத்தின. மைக்கேல் வின்ஷிப் (2002), ‘நியாயப்பிரமாண மறுப்பாளர்’ என்ற பெயரே எதிரிகள் சூட்டியது எனச் சுட்டி, ‘இலவசக் கிருபைச் சர்ச்சை’ என்று வழங்கினார். இவ்விளக்கங்கள் ஒவ்வொன்றும் உண்மையின் ஒரு பகுதியைக் கொண்டுள்ளன. ஆனால் ஆடவராகிய வீல்ரைட்டும் நாடுகடத்தப்பட்டதைப் பாலினம் மட்டும் விளக்காது. பெண்கள் பலர் அவ்வழியில் உறுதிகொண்டதை வணிக நலன் மட்டும் விளக்காது.

மாக்ஸ் வெபரின் புகழ்பெற்ற கருதுகோளுக்கும் இந்நிகழ்வு ஒரு திருத்தத்தை வழங்குகிறது. மீட்பின் நிச்சயத்தைத் தேடிய கால்வினியர் ஓய்வற்ற உழைப்பில் அதன் அடையாளத்தைக் கண்டனர் என 1904–05இல் அவர் எழுதினார். மாசசூசெட்ஸ் சான்றுகள், அவ்வழி தானே அமைந்துவிடவில்லை என்பதைக் காட்டுகின்றன. செயல்களை அடையாளமாகக் கொள்ளலாமா என்பதே அங்குக் கடும் போராட்டத்துக்குரியதாக இருந்தது. வெபர் மரபின் இயல்பாகக் கண்டது, இங்கு ஒரு தரப்பின் வெற்றியாக, அதுவும் நீதிமன்றத் துணையோடு பெற்ற வெற்றியாக நிலைநாட்டப்பட்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, இரட்சிப்பின் நிச்சயம் பற்றிய வினா சீர்திருத்த மரபிலேயே தீர்வு காணப்படாத ஒன்றாக இருந்தது. ஹட்சின்சன் அதனைப் புதிதாகப் படைக்கவில்லை. இரண்டாவதாக, சபை உறுப்புரிமையை வாக்குரிமையோடு பிணைத்த மாசசூசெட்ஸ் முறை, உள்ளத்தின் உறுதியைப் பொதுச்சான்றாக மாற்றியது. அதனால் சான்றின் அடிப்படையைக் கேள்விக்கு உட்படுத்துவது அரசின் அடிப்படையைக் கேள்விக்கு உட்படுத்துவதாயிற்று. மூன்றாவதாக, குருமார்களின் நிலைப்பாட்டை அதிகார வேட்கை என்று மட்டும் ஒதுக்க இயலாது. ஆவியின் குரலைக் கேளாத எளியோரைத் தாங்கும் மேய்ப்புப் பொறுப்பும் அதில் இருந்தது. நான்காவதாக, ஹட்சின்சனின் நிலைப்பாட்டிலும் இரு முகங்கள் உண்டு: செயல்களின் சுமையிலிருந்து விடுதலை ஒன்று, பிறர் உள்ளத்தைத் தீர்ப்பிடும் துணிவு மற்றொன்று.

இறைவன் ஒருவரே அறிவார் எனக் கூறப்பட்ட ஒன்றை மனிதர் கூடிச் சரிபார்க்க முற்பட்டதில்தான் இச்சர்ச்சையின் துயரம் வேர்கொண்டுள்ளது. சான்று கேட்பவருக்கும் சான்று சொல்பவருக்கும் ஒரே அளவுகோல்தான் இருந்தது. அதனை யார் கையில் வைத்திருப்பது என்பதை 1637 நவம்பரில் பொதுமன்றம் தீர்மானித்தது. அவ்வளவுகோல் செம்மையானதா என்ற வினாவுக்குக் கேம்பிரிட்ஜ் சபையின்முன் நின்று தயங்கிப் பேசிய எளிய மக்களின் சொற்களே நேர்மையான விடையாக எஞ்சியுள்ளன.